இதயத்துக்கும் சர்க்கரைக்குமான இரத்தப் பரிசோதனைகள்: எதை எடுப்பது, எப்படித் தயாராவது, அறிக்கையை எப்படி வாசிப்பது

ஆய்வகத்திலிருந்து வரும் அறிக்கையில் தடித்த எழுத்தில் ஓர் எண்ணைக் கண்டதும் கலங்கிப்போவதும், தடித்த எழுத்தே இல்லையென்றால் நிம்மதியாக மடித்து வைத்துவிடுவதும் பலருடைய வழக்கம். இரண்டுமே தவறான முடிவில் கொண்டுபோய் விடக்கூடும். எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 'இயல்பு அளவு' பொதுவாக எல்லாருக்குமென வகுக்கப்பட்டது. மாரடைப்பு வந்து மீண்டவரோ, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவரோ எட்ட வேண்டிய அளவு பெரும்பாலும் அதுவன்று. ஒவ்வொரு பரிசோதனையும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு இரத்தம் கொடுத்தால்தான் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இருக்கும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை இப்போது இருந்தால் இந்தக் கட்டுரையும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கே எடுக்கப்படும் ட்ரோபோனின் பரிசோதனை, இதயத் தசை சேதமடைந்திருக்கிறதா என்பதைக் காட்டுவது. சேதம் தொடங்கிய பின்னரே அந்தப் புரதம் இரத்தத்தில் ஏறத் தொடங்கும் என்பதால், முதல் மாதிரி இயல்பாக இருந்தாலும் சில மணி நேர இடைவெளியில் இன்னொரு மாதிரி எடுத்து ஒப்பிடுவார்கள். கூடவே இ.சி.ஜி.யும் எடுப்பார்கள். ஒரே ஒரு ட்ரோபோனின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருப்பது ஆபத்தானது.

கீழே சொல்லப்படும் மற்ற பரிசோதனைகளோ வருங்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடிய வாய்ப்பைக் கணிக்கவும், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்கவும் உதவுபவை. இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா, எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை எந்தக் கொழுப்புப் பரிசோதனையும் சொல்லாது. கொலஸ்ட்ரால் நன்றாக இருக்கிறது, ஆகவே அடைப்பு இல்லை என்று முடிவுகட்டுவது தவறு.

சர்க்கரை: மூன்று பரிசோதனைகள், மூன்று கேள்விகள்

வெறும் வயிற்றுச் சர்க்கரை, குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்த பிறகு எடுக்கப்படுவது. இரவு முழுவதும் கல்லீரல் எவ்வளவு சர்க்கரையை வெளியே விட்டது, அதைக் கட்டுக்குள் வைக்கும் அளவுக்கு இன்சுலின் வேலை செய்ததா என்பதே அது காட்டும் செய்தி. ஒரு டெசிலிட்டரில் 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வகுத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ முந்தைய நிலையின் தொடக்கத்தை 110 என்று வைத்திருக்கிறது. அதனால்தான் 104 என்ற ஒரே எண்ணை ஒரு மருத்துவர் கவனிக்கச் சொல்வதும், இன்னொருவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாததும் நடக்கிறது; இருவரில் யாரும் தவறு செய்யவில்லை.

சாப்பிட்ட பின் எடுக்கும் பரிசோதனையில் நேரக்கணக்கில்தான் அதிகத் தவறு நடக்கிறது. இரண்டு மணி நேரம் என்பது சாப்பிட்டுக் கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல, முதல் வாய் உணவு உள்ளே போன நேரத்திலிருந்து கணக்கிடப்பட வேண்டும். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் அன்றைக்கு வழக்கமான உணவையும் வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டே இந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பரிசோதனை நாளில் மட்டும் பாதி வயிற்றோடு போய் வாங்கி வரும் நல்ல எண்ணால் ஏமாறப்போவது நாம்தான். சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலான பெரியவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரையும், சாப்பிட்ட பின் 180க்குக் கீழும் இருப்பது பொதுவான இலக்கு.

நோய் இருக்கிறதா என்று உறுதி செய்வதற்கான குளுக்கோஸ் தாங்குதிறன் பரிசோதனை வேறு. அதில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து அளக்கிறார்கள். 140க்குக் கீழ் இயல்பு, 140 முதல் 199 வரை முந்தைய நிலை, 200 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். அந்த இரண்டு மணி நேரமும் நடமாடாமல், புகைபிடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முந்தைய மூன்று நாட்களும் மாவுச்சத்தைக் குறைக்காமல் வழக்கம்போல் சாப்பிட்டிருக்கவும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இதே பரிசோதனையின் வரம்புகள் கடுமையானவை: உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை நோய் எனக் கொள்ளப்படும்.

மூன்றாவது எச்பிஏ1சி, அதாவது பேச்சு வழக்கில் மூன்று மாதச் சராசரி. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் உயிர்வாழ்கிறது. அந்தக் காலம் முழுவதும் அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்பதே இந்த எண். ஆனால் மூன்று மாதங்களும் இதில் சமமாகப் பங்களிப்பதில்லை. கடைசி ஒரு மாதத்தின் பங்கே ஏறத்தாழப் பாதி. 5.7க்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரத்திலும் கொடுக்கலாம்.

இதன் பலவீனத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பணுவின் ஆயுளை மாற்றும் எதுவும் இந்த எண்ணையும் மாற்றும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியலாம். அண்மையில் இரத்தம் இழந்தவர்கள், இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு அது குறைவாகத் தெரியலாம். தலசீமியா, சிக்கிள் செல் போன்ற பிறவிக் கோளாறுகள், முற்றிய சிறுநீரக நோய், கர்ப்பகாலம் ஆகியவற்றிலும் இதை மட்டும் நம்பக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு கடந்த இரண்டு மூன்று வார நிலையைச் சொல்லும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையோ, வீட்டில் பல வேளைகளில் எடுத்துக் குறித்துவைத்த அளவுகளோ கூடுதல் உதவி செய்யும். எனவே முதல் முறை எச்பிஏ1சி எடுக்கும்போது கூடவே முழு இரத்த எண்ணிக்கையும் எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. இரத்தசோகை இருப்பது தெரியாமல் வைத்திருக்கும் மூன்று மாதச் சராசரி அரைகுறைத் தகவல்தான்.

தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், எடை குறைதல் போன்ற அறிகுறிகள் வெளிப்படையாக இருந்து, எந்த நேரத்திலோ எடுத்த சர்க்கரை 200ஐத் தாண்டியிருந்தால் அதுவே நோயை உறுதிசெய்யப் போதும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்துச் 'சர்க்கரை நோயாளி' என்று முத்திரை குத்தக் கூடாது. மறுபடியும் எடுத்து உறுதி செய்ய வேண்டும், அல்லது ஒரே மாதிரியில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி இரண்டும் வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும்.

முந்தைய இரவும் அன்றைய காலையும்

இரவு உணவை வழக்கமான நேரத்தில் முடித்துவிட்டு, காலையில் 8 முதல் 12 மணி நேர இடைவெளியில் இரத்தம் கொடுப்பது வசதியானது. 16 மணி நேரம் பட்டினி கிடந்தால் இன்னும் துல்லியமாக வரும் என்பது தவறான எண்ணம். இடைவேளையில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். நீர் குறைந்த உடலில் நரம்பு கிடைப்பதும் சிரமம், எண்களும் சற்றே உயர்ந்து தெரியும். காபி, தேநீர், மெல்லும் மிட்டாய், புகை ஆகியவை வேண்டாம். மது அருந்தினால் இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும் என்பதால் முந்தைய நாட்களில் தவிர்க்க வேண்டும். முந்தைய நாள் கடும் உடற்பயிற்சியும் தசை நொதிகளை உயர்த்திக் காட்டும்.

இரத்த அழுத்த மாத்திரை, தைராய்டு மாத்திரை போன்றவற்றைத் தண்ணீரோடு எடுத்துக்கொள்ளலாமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஆய்வக வரிசையில் நிற்பது சர்க்கரை திடீரெனத் தாழ்வதற்கு வழிவகுக்கும். இவர்கள் அன்றைய முதல் ஆளாகப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு, உடனே சாப்பிட்டு மருந்து எடுத்துக்கொள்ளும்படி திட்டமிட வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கிவிட்டால் பரிசோதனையை மறந்துவிட்டு இனிப்பு சாப்பிடுவதே சரி.

பலருக்கும் தெரியாத ஒன்று பயோட்டின் என்ற வைட்டமின். முடி, நகம் வளர்ச்சிக்கென்று விற்கப்படும் சத்து மாத்திரைகளில் இது பெருமளவில் இருக்கிறது. ட்ரோபோனின், தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவை இது திரித்துவிடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலும் மீண்டும் 2019இலும் எச்சரித்தது. எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ அண்மையில் எடுத்திருந்தாலும் சொல்லுங்கள், அது சர்க்கரையை வெகுவாக உயர்த்தும்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை நீட்டிவிடாமல், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுக் கொடுங்கள். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தால் கொலஸ்ட்ராலும் புரதங்களும் கூடுதலாகக் காட்டும். முஷ்டியைத் திரும்பத் திரும்ப மடக்கி விரித்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். குழாய்களையும் ஒரு பார்வை பாருங்கள். பெரும்பாலும் சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய், எச்பிஏ1சிக்கு ஊதா நிற மூடி, கொழுப்புக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி. சாம்பல் மூடிக் குழாயில் ஃப்ளோரைடு இருப்பதற்குக் காரணம் உண்டு: வெளியே எடுத்த பிறகும் இரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேயிருக்கும், சாதாரணக் குழாயில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறைந்துபோகும். வீட்டுக்கு வந்து மாதிரி எடுத்துச் செல்லும் வசதியைப் பயன்படுத்துவோர், எவ்வளவு நேரத்தில் அது ஆய்வகம் சேரும் என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

கொழுப்புப் பட்டியல்

இதில் நான்கு வரிகள் இருக்கும்: மொத்தக் கொலஸ்ட்ரால், 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல், 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல், ட்ரைகிளிசரைடு. கண் முதலில் போவது மொத்தக் கொலஸ்ட்ராலில்தான். ஆனால் நான்கில் தனியாக வைத்துப் பார்க்க மிகக் குறைந்த பயன் தருவது அதுவே, ஏனென்றால் அதற்குள் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கின்றன. இரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்து படிவது எல்டிஎல் முதலான துகள்கள்.

பல ஆய்வகங்களில் எல்டிஎல் நேரடியாக அளக்கப்படுவதில்லை, கணக்கிடப்படுகிறது. 1972இல் ஃப்ரீடுவால்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட சூத்திரம் இது: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. எல்டிஎல் மிகக் குறைவாக இருக்கும்போதும் தடுமாறும். அப்போது நேரடி அளவையைக் கேட்கலாம்.

வெறும் வயிறு கட்டாயமா என்றால், முதல் கட்டப் பரிசோதனைக்கு இல்லை என்று 2016இல் ஐரோப்பிய நிபுணர் குழுக்கள் கூட்டாகவே சொல்லிவிட்டன. சாப்பிட்டதால் எல்டிஎல்லும் எச்டிஎல்லும் பெரிதாக மாறுவதில்லை, ட்ரைகிளிசரைடுதான் ஏறும். அது 400ஐத் தாண்டி வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுத்தால் போதும். ஆயினும் சர்க்கரையையும் சேர்த்தே எடுப்பவர் எப்படியும் வெறும் வயிற்றில்தான் போகப்போகிறார்.

எல்டிஎல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ஏற்கெனவே மாரடைப்போ இரத்தக்குழாய் நோயோ வந்த மிக உயர்ந்த ஆபத்துள்ளவர்களுக்கு 55க்குக் கீழ், உயர்ந்த ஆபத்துள்ளவர்களுக்கு 70க்குக் கீழ், நடுத்தர ஆபத்துள்ளவர்களுக்கு 100க்குக் கீழ், குறைந்த ஆபத்துள்ளவர்களுக்கு 116க்குக் கீழ். ஒரே வீட்டில் இருவருக்கு எல்டிஎல் 95 என்று வந்தாலும், ஒருவருக்கு அது பாராட்டத்தக்கதாகவும் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட மற்றவருக்கு மருந்தைக் கூட்ட வேண்டியதாகவும் இருக்கலாம். அறிக்கையில் இரண்டுமே சாதாரண எழுத்தில்தான் அச்சாகியிருக்கும்.

ஓர் அறிக்கையை எடுத்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்காக ஒருவருடைய எண்களை இப்படி வைத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 192, ட்ரைகிளிசரைடு 210, எச்டிஎல் 34, வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, எச்பிஏ1சி 6.9.

மொத்தம் 200க்குள் இருக்கிறதே என்று திருப்திப்படத் தோன்றும். 192இலிருந்து 34ஐக் கழித்தால் 158. இதுவே எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால். குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடக்கம். அறிக்கையில் இது அச்சாகவில்லையென்றாலும் ஒரு கழித்தல் கணக்கில் கிடைத்துவிடும். எல்டிஎல் இலக்கோடு 30ஐக் கூட்டினால் வருவது இதன் இலக்கு. இன்னும் 42ஐக் கழித்தால் எல்டிஎல் 116. ட்ரைகிளிசரைடு 150ஐத் தாண்டியிருக்கிறது, எச்டிஎல் ஆண்களுக்கான 40க்கும் பெண்களுக்கான 50க்கும் கீழே இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வருவது இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் அடிக்கடி காணப்படும் சேர்க்கை. சர்க்கரை வரிகளைக் கவனித்துப் படி என்று கொழுப்புப் பட்டியலே சொல்கிறது.

சர்க்கரை வரிகளுக்கு வருவோம். எச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை கிடைக்கும், 6.9க்கு அது ஏறத்தாழ 151. வெறும் வயிற்றில் 104 இருப்பவருக்குச் சராசரி 151 என்றால், இடைப்பட்ட நேரங்களில், குறிப்பாகச் சாப்பிட்ட பின்னர், சர்க்கரை வெகுவாக ஏறியிறங்குகிறது என்று ஐயப்பட வேண்டும். அல்லது ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த படி, சாப்பிட்ட பின் எடுக்கும் பரிசோதனையும் முழு இரத்த எண்ணிக்கையும். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் ஆண்டுதோறும் எடுத்துவந்திருந்தால், இவருக்கு இது தெரியவே வந்திருக்காது.

கூடுதலாகக் கேட்கத்தக்கவை

எல்டிஎல்லைப் போன்ற கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன்-ஏ என்பதை வாழ்நாளில் ஒருமுறையாவது எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் அளவு பெரும்பாலும் மரபணுவால் தீர்மானிக்கப்படுவது. உணவாலோ உடற்பயிற்சியாலோ பெரிதாக மாறாது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் அதைக் குறைப்பதில்லை. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து கூடுதல். குறைக்க முடியாததை எதற்கு அளப்பது என்று கேட்கலாம். அது உயர்ந்திருப்பவர் எல்டிஎல், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகிய மற்ற எல்லாவற்றிலும் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டும், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதற்குத்தான். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ட்ரைகிளிசரைடு உயர்ந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அப்போபி என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை பயன்படும். தீங்கு செய்யும் துகள் ஒவ்வொன்றிலும் இந்தப் புரதம் ஒன்றுதான் இருக்கும் என்பதால் அது துகள்களின் எண்ணிக்கையையே சொல்லிவிடுகிறது. நுண்ணுணர் சிஆர்பி அழற்சியைக் காட்டுவது: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்த ஆபத்து, 3க்கு மேல் உயர்ந்த ஆபத்து. 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் சளியோ பல் வீக்கமோ வேறு தொற்றோ இருக்கும். குணமான பின் மறுபடி எடுக்க வேண்டும். மூச்சிரைப்பும் கால் வீக்கமும் இருப்பவருக்கு இதயச் செயலிழப்பு இருக்கிறதா என்று பார்க்க என்டி-புரோபிஎன்பி எடுப்பார்கள்.

சிறுநீரகத்தை விட்டுவிடக் கூடாது. கிரியேட்டினினும் அதிலிருந்து கணக்கிடப்படும் வடிகட்டும் திறனும் ஒரு பாதிதான். மறுபாதி சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம், அது கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். இது இரத்தப் பரிசோதனை அல்ல என்பதாலேயே விடுபட்டுப் போகிறது. எல்டிஎல் எதிர்பாராமல் ஏறியிருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும், தைராய்டு குறைவும் எல்டிஎல்லை ஏற்றும். ஸ்டாட்டின் தொடங்குமுன் கல்லீரல் நொதி, பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு வைட்டமின் பி12 ஆகியனவும் தேவைப்படும். எண்பது தொண்ணூறு பரிசோதனைகள் கொண்ட பெரிய தொகுப்புகள் பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. அத்தனை வரிகளில் ஒன்றிரண்டு தற்செயலாகவே வரம்பு மீறி வந்து, வீண் கவலையும் மேலும் பரிசோதனைகளுமாக இழுத்துக்கொண்டு போகும்.

எப்போது மறுபடி எடுப்பது

சர்க்கரை இலக்குக்குள் இருப்பவர் எச்பிஏ1சியை ஆண்டுக்கு இரண்டு முறையும், இலக்கை எட்டாதவரும் மருந்து மாற்றியவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எடுக்க வேண்டும். ஒரே மாதத்தில் மறுபடி எடுத்து 7.1 எப்படி 7.0 ஆனது என்று ஆராய்வதில் பயனில்லை. அவ்வளவு சிறிய வேறுபாடு அளவையின் ஏற்றத்தாழ்வுக்குள் அடங்கிவிடும், அரை சதவீத மாற்றமே பொருட்படுத்தத்தக்கது. பலருக்கு இலக்கு 7க்குக் கீழ் என்றாலும், முதியவர்களுக்கும் அடிக்கடி சர்க்கரை தாழ்ந்துபோகிறவர்களுக்கும் 8 வரை தளர்த்துவார்கள். அவர்களிடத்தில் 6.2 என்ற எண் நற்செய்தியன்று, மருந்து கூடிவிட்டதோ என்று கேட்க வேண்டிய எண்.

வீட்டுக் கருவியின் எண்ணை ஆய்வக எண்ணோடு ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம். கருவிகளுக்கான 2013ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தரமே, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம்வரை வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறது. ஆய்வகத்தில் 160 என்பது விரல் நுனியில் 180 என்று வந்தால் கருவி கெட்டுவிட்டதென்று பொருளில்லை.

கொழுப்புக்கு, ஸ்டாட்டின் தொடங்கியோ அளவை மாற்றியோ 4 முதல் 12 வாரங்களுக்குள் ஒருமுறை எடுத்துவிட்டு, பின்னர் 3 முதல் 12 மாத இடைவெளியில் தொடரலாம். எண் நன்றாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு ஆகியவற்றை ஒட்டி எல்டிஎல் தற்காலிகமாக இறங்கும், சர்க்கரை ஏறும். உடல் தேறிச் சில வாரங்கள் கழித்து எடுக்கும் பரிசோதனையே அடுத்து வருபவற்றோடு ஒப்பிட ஏற்றது. கூடியவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். வேறு நாட்டில் எடுத்த பழைய அறிக்கை மில்லிமோலில் இருந்தால் சர்க்கரையை 18ஆலும், கொலஸ்ட்ராலை 38.67ஆலும், ட்ரைகிளிசரைடை 88.57ஆலும் பெருக்கி மில்லிகிராமுக்கு மாற்றிக்கொண்டு, தேதியையும் அன்றைய மருந்தின் அளவையும் பக்கத்தில் எழுதி, மருத்துவரைப் பார்க்கும்போது புதிய அறிக்கையோடு சேர்த்துக் கொடுங்கள்.